இரண்டு ஹெட்போன்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்து இரண்டாயிரத்து ஏழு வரை நடத்தினோம். முதலில் கேசட், பிறகு சிடி. கடைசியில் எல்லோரும் செல்போனில் பாட்டு ஏற்றிக்கொள்ள ஆரம்பித்ததும் மூடிவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எந்தக் கடையும் ஒருநாள் மூடத்தான் போகிறது. நான் எழுத வந்தது நடுவில் நடந்த ஒரு காரியத்தை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுதப் படிக்கத் தெரியும். நாலு பேருக்கு முன்னால் பேசத்தான் வராது. ஆம்பளைகள் கடைக்குள் வந்தால் பின்வாசல் வழியாக எழுந்து போய்விடுவேன். கடையை நடுவில் பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தோம். முன்பக்கம் வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடம். பின்பக்கம் டெக், மிக்சர், வயர் எல்லாம் இருக்கும். நான் பின்பக்கத்து ஆள்.

வருகிறவர்கள் வேண்டிய பாட்டுகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்து வரிசையாகப் பதிந்து கொடுப்பது சாதாரண வேலை. மிக்சிங் என்பது வேறு. ஒரு பாட்டு முடியும் முன்னே அடுத்த பாட்டு உள்ளே வர வேண்டும், நடுவில் மூச்சுவிடக் கூடாது. இரண்டுக்கும் அடியில் ஒரு மேளம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆடல் பாடல் குழுக்காரர்கள், திருவிழாவுக்கு செட்டு கட்டுகிறவர்கள், சீர் ஊர்வலம் எடுக்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்டார்கள். முதலில் நான்-ஸ்டாப் என்று சொன்னார்கள். பிறகு சினிமாக்காரர்களே பழைய பாட்டுக்குப் புது அடி போட்டு ரீமிக்ஸ் என்று விட ஆரம்பித்ததும், எங்கள் போர்டிலும் ரீமிக்ஸ் என்று எழுதிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் சின்ன வயசிலிருந்தே மைக் செட்டு வேலைக்குப் போனவர். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவாராம். கடை வைத்து மூன்று வருஷத்தில் அவருக்குக் காது மந்தமானது. திருச்சியில் காட்டினோம். நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்றார் டாக்டர். அதற்கடுத்த வருஷம் மொத்தமாகவே கேட்காமல் போனது. முதல் தடவை திருச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்.

"யாருகிட்டயும் மூச்சு வுடாத. செவுடன் நடத்துற பாட்டுக் கடைன்னு ஆயிடும். ஒருத்தன் வரமாட்டான்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ரெட்டிபாளையத்தில் இருக்கிற என் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. மறைப்பதும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கடையில் எந்நேரமும் ரோட்டைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கும். அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். பாட்டோ பேப்பரில் வருகிறது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், "வேலையில மூழ்கிட்டாருப்பா" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

மிக்சிங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். மிக்சரில் இரண்டு ஹெட்போன் மாட்டினோம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவருடையது சும்மா. நான் கேட்டுக்கொண்டே அவர் முட்டியில் விரலால் அடியைத் தட்டுவேன். விரலை எடுத்துவிட்டால் முதல் பாட்டை இறக்க வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் அடுத்ததை ஏற்ற வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது ஒட்டும் என்பதும் என் முடிவுதான். களை எடுக்கப் போன காலத்தில் கை ஒரு கணக்கில் போகும் இல்லையா, அந்தக் கணக்குதான். எனக்கு வேறு பாடம் யாரும் சொல்லித் தரவில்லை. அவர் கை சுத்தமான கை. நான் தட்டி முடிப்பதற்குள் இறங்கிவிடும். கேட்கிறவர்களுக்கு எங்கே ஒட்டினோம் என்றே தெரியாது. "அண்ணன் மிக்சிங்" என்று வேப்பந்தட்டை, அரியலூர் வரைக்கும் பேர் போயிருந்தது.

ஒரு தை மாசம் அரும்பாவூர்க்காரர் ஒருவர் வந்தார். தன் அக்கா பேரனுக்கு மறுநாள் காதுகுத்து, தாய்வீட்டுச் சீரை அவர்தான் முன்னால் நின்று எடுக்கிறார். டெம்போவில் செட்டு கட்டி, சீர்த்தட்டோடு கோயில் வரைக்கும் ஊர்வலம். அரை மணி நேரத்துக்குப் பாட்டு வேண்டும், அடியில் மேளம் வேண்டும் என்றார். நாங்கள் உட்கார்ந்து ஆரம்பிக்கும் நேரத்தில் பலகையைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். கூட இன்னும் இரண்டு பேர்.

"அண்ணே, எப்படி சேக்குறீங்கன்னு இன்னைக்கு நின்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்று சிரித்தார்.

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பின்னால் குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன். அவர்கள் போகவே இல்லை. ஆள் பார்க்கிறபோது சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், வீட்டுக்காரர் தானே சேர்க்க ஆரம்பித்துவிட்டார். காது கேட்ட காலத்தில் திரும்பத் திரும்பப் போட்டதால் அவருக்கு மனப்பாடமான பாட்டு நிறைய உண்டு. மிக்சரில் குதிக்கிற சிவப்பு விளக்கைப் பார்த்தே ஓரளவு ஒட்டிவிடுவார்.

மேளத்துக்கு மூன்றாவது டெக். ஊர்வலத்துக்கு ஒரு கேசட், சாவுக்கு ஒரு கேசட், இரண்டும் ஒரே குழு அடித்து நாங்களே பதிந்தது. முந்தின நாள் ஒரு குடும்பத்தார் வந்து, தங்கள் அப்பா சாவுக்கு அடித்ததைப் பதினாறாம் நாளுக்குள் காப்பி கேட்டார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு அந்தக் கேசட்டை டெக்கிலேயே விட்டிருந்தேன். அவர் அதையே ஓட்டிவிட்டார். விளக்குக்குக் காதுகுத்தும் ஒன்றுதான், சாவும் ஒன்றுதான். வெளியே ஸ்பீக்கரில் வேறு பாட்டு அலறியதால் பக்கத்தில் நின்றவர்களுக்கும் உள்ளே என்ன பதிகிறது என்று கேட்கவில்லை. நான் திரும்பி வந்தபோது அவர்கள் கேசட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

மூன்றாவது டெக்கைத் திறந்தால் உள்ளே சாவுக் கேசட். அவரிடம் காட்டினேன். பார்த்தார். "நான் மாத்திட்டுத்தான் ஓட்டுனேன்" என்றார். மாற்றவில்லை. ஆனால் அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போன் பண்ணிச் சொல்ல அரும்பாவூர்க்காரர் வீட்டில் போன் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கே டெம்போ வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். அரும்பாவூர்க்காரர் பின்னால் வந்தார். முன்னால் வந்தவர் அவர் அக்காவின் அரியலூர்ச் சம்பந்தி, உயரமான ஆள். நான் பலகைக்குப் பின்னால் இருந்தேன்.

"என்னாய்யா போட்டுக் குடுத்துருக்க? தட்டு தூக்கிட்டு வந்த பொம்பளைங்க நடுரோட்டுல எறக்கி வச்சிட்டாளுங்க."

ஆள் கூட்டமாக வந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் சந்தோஷமாக எழுந்தார். "நல்லா இருந்துச்சா? இன்னும் ரெண்டு காப்பி போடவா?"

"நக்கலப் பாத்தீங்களா மாப்ள. புள்ளைக்குக் காது குத்தப் போனா பாடை கட்டி அனுப்புறான், காப்பி வேணுமாங்குறான்."

"சாயங்காலம் வாங்க, தரேன்" என்றார் இவர்.

சம்பந்தி கையோடு கொண்டுவந்த கேசட்டை, முன்பக்கம் ஸ்பீக்கருக்குப் பாட்டுப் போடுகிற டெக்கில் சொருகி, அதிலிருந்த ஹெட்போனை எடுத்து இவர் தலையில் மாட்டினார். "கேளு. நல்லா கேளு."

இவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அடி கச்சிதமா வுழுந்துருக்கு" என்றார்.

பின்னால் நின்ற ஒருத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் சம்பந்திக்கு இன்னும் கோபம் ஏறி, இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஏய்யா, நீ என்னா செவுடா?"

மற்றது எதுவும் அவருக்கு விளங்கவில்லை. அந்த ஒரு சொல்லை வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டார். முகம் செத்துப்போயிற்று. பலகைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்கு நிற்க முடியவில்லை. முன்னால் போனேன்.

"சட்டைய வுடுங்க. சேத்தது நான்."

"நீ யாரும்மா?"

"அவரு சம்சாரம்."

"நேத்து அண்ணன்தான் சேத்தாரு. நான் பக்கத்துலயே நின்னேனே" என்றார் அரும்பாவூர்க்காரர்.

"அந்தக் கேசட்ட மெஷின்ல போட்டு வுட்டது நான். எப்பவும் கூட உக்காந்து கேட்டுச் சொல்றதும் நான்தான். நேத்து நீங்க உள்ள வந்ததும் எந்திரிச்சிப் போயிட்டேன்."

"எதுக்குப் போன?" என்றார் சம்பந்தி.

"கூச்சமா இருந்துச்சி."

"ஒனக்குக் கூச்சம்னா எங்கள எழவு வூட்டுக்கு அனுப்புவியா?"

சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் நான் சொன்னதை நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்றார்கள். அப்படியானால் இப்போதே சேர்த்துக் காட்டு என்றார் சம்பந்தி. சரி என்று உட்கார்ந்தேன். ஊர்வல மேளத்தை இரண்டு தடவை பார்த்துப் போட்டேன். நாலு ஆம்பளைகள் சுற்றி நிற்க வீட்டுக்காரர் முட்டியில் தட்டினேன்.

"மாமா, பொண்டாட்டி தொடையத் தட்டுனாத்தான் பாட்டு வரும்போல" என்றார் சிரித்தவர்.

"நீ வாய மூடு."

அரை மணி நேரம் ஒருத்தரும் நகரவில்லை. முடித்ததும் வெளி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். சம்பந்தி கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அரும்பாவூர்க்காரர்தான் பேசினார்.

"பாட்டு சரியாயிடுச்சி. புள்ளையப் பெத்தவ அழுதுகிட்டு ஒக்காந்துருக்கா. சேத்தவங்க கையாலயே வந்து புள்ளைக்குச் சுத்திப் போடணும். அப்பத்தான் காது குத்துவேன்னு சொல்லிட்டா. வாங்கக்கா."

வீட்டுக்காரருக்குக் கையால் சைகை காட்டிவிட்டு டெம்போவில் ஏறினேன். அரும்பாவூரில் பந்தல் முழுக்கச் சனம். உப்பும் மிளகாயும் கையில் கொடுத்தார்கள். பிள்ளைக்கு மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டேன். "பொம்பள சேத்ததாமே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். நான் தலை நிமிரவில்லை. பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, "சாப்புட்டுத்தான் போவணும்" என்றாள். மறுபடி தட்டுகளை எடுத்தார்கள், ஊர்வலம் போயிற்று. காது குத்தி முடிந்தது.

பஸ் ஏற்றிவிட அரும்பாவூர்க்காரர் கூட வந்தார். பஸ் வருவதற்குள் சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்குக் காது கேக்காதுன்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். திருவிழாவுக்கு வந்து செட்டு கட்டுனப்ப பின்னாடி டிராக்டரு ஆரன் அடிச்சிக்கிட்டே நின்னுச்சி, அவரு திரும்பல. அரியலூர்க்காரவுங்களுக்குத்தான் தெரியாது."

"தெரிஞ்சுமா எங்ககிட்ட வந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் வந்தோம். காது கேக்காமயே இப்படி சேக்குறாருன்னா அது ஒரு வரம்தானன்னு பேசிக்குவோம். அதப் பாக்கத்தான் நேத்து உள்ள வந்தேன்." பிறகு, "நீங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பஸ்ஸில் எனக்கு அதுவே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மானத்தைக் காப்பாற்றத்தான் முன்னால் வந்தேன். வந்து, அவருக்கு இருந்த பேரை நானே எடுத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்து பிள்ளைக்குக் காது குத்தியதை எழுதிக் காட்டினேன். மற்றதை எழுதவில்லை. ஒரு வாரம் போயிற்று. வருகிறவர்கள் பேப்பரை அவரிடம் நீட்டாமல் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் கவனித்துவிட்டார். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சா?"

பொய் சொல்ல முடியவில்லை. அரும்பாவூர்க்காரர் சொன்னதை ஒரு பேப்பரில் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். வரம் என்று பேசிக்கொண்டதையும் எழுதினேன். இரண்டு தடவை படித்தார்.

"முன்னாடியே தெரியுமாம், அதுக்காகத்தான் வந்தானுங்களாம்" என்று சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நீ வாய மூடிக்கிட்டு நின்னுருந்தா இன்னைக்கும் நான்தான பெரிய ஆளு" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது விளையாட்டா நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிக் கேட்கவும் முடியாது.

அன்றைக்கு மத்தியானம் வேப்பந்தட்டையிலிருந்து ஆடல் பாடல் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் பேப்பரை எடுப்பதற்குள் அவரே சத்தமாகச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. இவதான் கேட்டுச் சொல்லுவா, நான் சேப்பேன். என்னா வேணுமோ அவகிட்ட சொல்லுங்க."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, முதல் பாட்டு எது என்று கேட்டேன்.