வலப்பாதி

ஏலக்காய் டப்பாவைத் திறந்தாலே, இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட, கம்பம் ஊரிலிருந்த எங்கள் ஏலக்காய்க் குடோன்தான் எனக்கு மணக்கிறது. பள்ளத்தாக்குக் காற்று இறகுப்பந்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று, சரக்கில்லாத மாதங்களில் கதவு சன்னலெல்லாம் அடைத்துவிட்டு, இடப்பாதியில் அப்பாவும் வலப்பாதியில் பெரியப்பாவுமாக ஜோடி ஆட்டம் ஆடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் மூச்சுமுட்ட, எப்போது திறப்பார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மதுரை அணிக்கு அப்பாவை மட்டும் கூப்பிட்டபோது, "ரெண்டு பேரும்னா வாரோம்" என்று பெரியப்பா சொல்லியனுப்பிவிட்டார்.

"நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றாள் அம்மா.

"அண்ணன் சொல்லிட்டாகள்ல" என்று அப்பா மட்டையைத் துடைத்தார்.

பெரியப்பா இறந்த பிறகு, ஒரே ஒருநாள் அப்பா அங்கே ஒற்றையர் ஆட்டம் ஆடினார். வலப்பக்கம் வந்த பந்துக்கு ஓடியவர், நடுக்கோட்டிலேயே நின்று அது விழுவதைப் பார்த்தார்.

"எட்டியிருக்கலாமேப்பா" என்றேன்.

"அது அண்ணன் பந்து, ஆத்தா."