ஜோடி டீச்சரும் ஆபத்துப் பாடமும்

“ஹெவி ரிஸ்க் இல்ல மாப்பிள்ளை, ஹை ரிஸ்க்” என்று தொலைபேசியில் மருமகனைத் திருத்தியபடியே மாடிப்படி ஏறி வருகிறார் டீச்சர். பார்க்கிற வேலையை விட்டுவிடலாமா என்று அந்த மனிதர் மாமியாரிடம் யோசனை கேட்டிருக்கிறார். யோசனையெல்லாம் பிறகுதான். முதலில் வார்த்தை சரியாக வர வேண்டும்.

டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாடை அடிக்கிற ஒற்றை அறைதான் அவருடைய மாலை வகுப்பு. பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் பெரியவர்கள் நாங்கள்: இரண்டு நர்சுகள், ஒரு வேன் ஓட்டுநர், மருந்துக் கடைக்காரர், கடைசி வரிசையில் நான். கரும்பலகையைத் துடைக்க டஸ்டர் கிடையாது. காலமான கணவரின் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு துடைப்பார். “அவரு உசுரோட இருந்தப்போ ஒரு வேலையும் செஞ்சதில்ல. இப்பவாவது செய்யட்டும்” என்பார். நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார்.

ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதுதான் அவர் பாடம். அதனால் ஜோடி டீச்சர். “ஜோடி மாறின வார்த்தை, செருப்பை இடம் வலம் மாத்திப் போட்ட மாதிரி. நடக்கலாம். ஆனா எல்லாரும் காலையே பாப்பாங்க.”

ஆபத்துப் பாடம் வந்தபோது பலகை முழுக்க எழுதிப் போட்டார். “ரிஸ்க் எடுக்கலாம். டேஞ்சரை எடுக்க முடியாது, அதுல மாட்டிக்கத்தான் முடியும். த்ரெட்னா அச்சுறுத்தல். அதை யாரும் ‘கிவ்’ பண்றதில்ல, ஒரு பொருள் அதை ‘போஸ்’ பண்ணும். எங்கே, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க.”

சலவைத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கிறவர் ஒருவர் எங்களோடு படித்தார். பாய்லர்காரர் என்போம். எழுந்து நின்று, “தி பைப் இஸ் கிவிங் பிக் த்ரெட்” என்றார்.

“யாருக்குக் கிவிங்? பரிசா குடுக்குது?” என்றார் டீச்சர். அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மறுபடி முயன்றார். இன்னொரு முறையும். கடைசியில் “தி பைப் போசஸ் எ சீரியஸ் த்ரெட்” என்று தடுக்காமல் சொல்லி முடித்தபோது எல்லோரும் கைதட்டினோம்.

அவர் உட்காரவில்லை. “இதை ஆபீஸ்ல சொல்லலாமா டீச்சர்?”

“அவசரப்படாதீங்க. உச்சரிப்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும். அரைகுறையா சொன்னா சிரிப்பாங்க.”

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே அந்தக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. மற்றவர்களை வெளியே விரட்டிவிட்டு, வால்வை மூடப் போனவர் கை இரண்டையும் நீராவிக்குக் கொடுத்துவிட்டார். நர்சுகளில் ஒருத்தி வகுப்பில் வந்து சொன்னாள். டீச்சர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். “அது நிஜப் பைப்பா?” என்று மட்டும் கேட்டார். அன்று பாடம் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பின் வேகம் குறைந்துவிட்டது. யாராவது வாக்கியம் சொன்னால், திருத்துவதற்கு முன்னால், “இது நடக்கிறதா, சும்மா சொல்றதா?” என்று கேட்கிறார். “மை பிரதர் லாஸ்ட் ஹிஸ் வே” என்ற மருந்துக் கடைக்காரரை விசாரித்த விசாரிப்பில், தனக்குத் தம்பியே கிடையாது என்று அவர் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பாய்லர்காரர் வீட்டுக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். முழங்கை வரை கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார் அவர். தண்ணீர் கொண்டுவந்த மனைவி, குறையாகச் சொல்லவில்லை, பேச்சுக்குத்தான் சொன்னார்: “மேனேஜருக்கு நம்ம பாஷை தெரியாதுங்க. ஃபோர்மேன்கிட்ட சொன்னதுக்கு, நீயே போய்ச் சொல்லிக்கோன்னுட்டாரு. அதான் அந்த ஒரு வரியைக் குளிக்கும்போதுகூட சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தாரு.”

டீச்சர் தம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை. “எந்தப் பைப்புன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்.”

“நீங்க உதாரணம்னு நெனச்சிட்டீங்க. விடுங்க டீச்சர்.” பாய்லர்காரருக்கு டீச்சரைத் தேற்ற வேண்டியிருந்தது. “டாக்டரே சொல்லிட்டாரு. ஐ ஆம் அவுட் ஃப்ரம் டேஞ்சர்.”

நான் டீச்சரைப் பார்த்தேன். மருமகனைக்கூட விடாதவர். ‘அவுட் ஆஃப்’ என்று அவர் திருத்தவில்லை.

பேசிய வேகத்தில் பாய்லர்காரரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வந்திருந்தது. அதைத் தள்ளிவிட அவர் கை தன்னையறியாமல் எழும்பி, வலியில் பாதியிலேயே நின்றது. டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். சற்று முன்னால் குனிந்து, ஒற்றை விரலால் அந்தக் கண்ணாடியை மெல்ல மேலே ஏற்றிவிட்டார்.