மல்லிகைக்காகப் பேசிய இந்தி

தோட்டக்கலை படித்த எனக்குத் தில்லியில் ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. ஆனால் இந்தி வராததால், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார் முதலாளி.

"தப்பாப் பேசினாலும் புரியும், பேசுடி," என்று முனிர்கா பகுதியில் என்னோடு தங்கியிருந்த அறைத்தோழி தினமும் இந்தி சொல்லிக்கொடுத்தாள்.

ஒருநாள் முதலாளி வெளியே போயிருந்தபோது, ஒரு பெண்மணி வாடிய மல்லிகைத் தொட்டியுடன் வந்தார். செத்துவிட்டதா என்று இந்தியில் கேட்டார். மண்ணைத் தொட்டேன்; சொதசொதவென்றிருந்தது.

"நஹி ஜி. பானி ஜ்யாதா. கம் தீஜியே," என்றேன். இல்லைங்க, தண்ணீர் அதிகம், குறைத்து ஊற்றுங்கள் என்று சொல்லத்தான் அவ்வளவு தவிப்பு.

"அச்சா," என்று நிம்மதியாகச் சிரித்தார்.

செடி மொட்டுவிட்டதும் அந்தப் பெண்மணி முதலாளியிடம் வந்து, நான் சொன்ன யோசனையால்தான் பிழைத்தது என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையும் எனக்கே வந்தது.

நான் படித்த படிப்பு அந்த அரைகுறை இந்தியில்தான் முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டது. நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.