கொஞ்சூண்டு அண்ணன் வீட்டுக் காகிதப்பூ

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொஞ்சூண்டு அண்ணன் என்றால்தான் தெரியும். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணே, ரொம்பக் குறைச்சிடாதீங்க" என்று யார் சொன்னாலும், "கவலையே படாதீங்க, கொஞ்சூண்டு மட்டும்" என்பார். இருபது நிமிடம் கழித்து அந்த ஆள் தன் காதுகளை முதன்முதலாக முழுசாகப் பார்ப்பார். அத்தான் தங்கமான மனுஷன். கையில் கத்தரி இருந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, அவ்வளவுதான்.

இதை நான் யாரோ சொல்லக் கேட்டுச் சொல்லவில்லை. அவர் சலூனுக்கு அடுத்த கடை என்னுடையது. நகல் எடுப்பது, அட்டைக்கு உறை போடுவது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழும். இந்தப் பக்கம் என் இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு முனகுவது அவருக்குக் கேட்கும். "என்ன ஜெராக்ஸ், மறுபடி மாட்டிக்கிச்சா?" என்று பலகையைத் தட்டுவார். என்னை அவர் கூப்பிடுவதே அப்படித்தான். கூடப்பிறந்த அக்காவின் புருஷன் ஆயிற்றே என்று பொறுத்துக்கொள்கிறேன்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தொட்ட தலையை முடிக்காமல் விடமாட்டார். மின்சாரம் போனால் வாடிக்கையாளர் கையிலேயே டார்ச்சைக் கொடுத்து, "உங்க மண்டைக்கு நீங்களே வெளிச்சம் காட்டுங்க" என்று வெட்டி முடிப்பார். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று நான்தான் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சொன்னேன். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு பக்கக் கிருதா ஒதுக்கியாகிவிட்டது. "நீ முன்னால போ. மத்தப் பக்கம் மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன். ஒரு மனுஷன அரைகுறையா அனுப்ப முடியுமா?" என்றார். அவர் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து, குளித்து, துணி சுற்றிக்கொண்டு, ஒரு தூக்கமும் போட்டிருந்தது.

அந்தக் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அக்கா அந்த நாளைப் பற்றிச் சண்டையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வருடத்துக்கு நாலு தடவையாவது, சம்பந்தமே இல்லாத பேச்சுக்கு நடுவில், "அந்தக் கிருதாக்காரர் சௌக்கியமா?" என்று கேட்பாள். அத்தான் உடனே தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. கட்டிடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத கூடம். வெள்ளை விரிப்பு, வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. காலையில் பேருந்தில் போகும்போது ஒரு பெட்ரோல் பங்க் மதில்மேல் பெரிய காகிதப்பூப் புதர் வரும். ரோஸ் என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிறம். அதைப் பார்ப்பதற்காகவே இடது பக்க ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்கு நிற்பாள். "அத ஒரு தடவ பாத்துட்டு கீழ இறங்கிட்டா, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் சாலையை அகலமாக்குகிறோம் என்று மதிலை இடித்தார்கள். புதரை வெட்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து, குவியலிலிருந்து நாலு குச்சிகளை உருவிச் சாப்பாட்டுப் பையில் செருகிக்கொண்டாள். விரலெல்லாம் முள். வேலைக்குத் தாமதமாகப் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாலு குச்சியில் மூன்று காய்ந்துபோனது, ஒன்று துளிர்த்தது.

அக்கா யாரிடமும் எதையும் கேட்கிற ரகம் இல்லை. அன்று அத்தானிடம், "இது மட்டும் பூத்துடணும்ங்க" என்றாள். மாடியில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளரிடம் அத்தான் அனுமதி வாங்கினார். "முன்வாசல்ல பூத்து நின்னா உங்க வீட்டுக்கே அழகு சார்" என்று நைசாகப் பேசி, கேட்டுக்குப் பக்கத்தில் மதிலை ஒட்டி நட்டார். செடியின் பொறுப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

சலூனுக்கு விடுமுறை வாரத்தில் ஒரு நாள். அன்று காலை எழுந்ததும் கத்தரி, சீப்பு, தண்ணீர் அடிக்கும் பாட்டில், கைக்கண்ணாடி எல்லாவற்றோடும் செடி முன்னால் நிற்பார். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இலைகளை நனைப்பார். பிறகு நீட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நுனியையும் "கொஞ்சூண்டு மட்டும்" நறுக்குவார். இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மதில் பக்கம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கைக்கண்ணாடியைச் செடிக்குப் பின்னால் நீட்டி, பிடரி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார். கடைசியில் கழுத்துத் துடைக்கிற பிரஷ்ஷால் இலைகளைத் தட்டிவிடுவார். பவுடர் ஒன்றுதான் போடவில்லை.

உரத்துக்கும் அவர் வெளியே போகவில்லை. சலூனில் பெருக்கிய முடியைத் தினமும் ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து வேரடியில் புதைத்தார். தெருவில் பாதிப் பேருடைய தலை அந்தச் செடிக்குக் கீழேதான் இருக்கிறது. செடியும் கொழுகொழுவென்று, கரும்பச்சையாக, ஒரு இலைகூடத் துருத்தாமல் உருண்டையாக வளர்ந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். நானும் "பிரமாதம் அத்தான்" என்று சொன்னவள்தான். எனக்கென்ன தெரியும்?

நாலு வருடம் ஆயிற்று. ஒரு பூ இல்லை. மண் சரியில்லை என்றார், வெயில் போதவில்லை என்றார், பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் படுகிறது என்றார். அக்கா தினமும் வேலை முடிந்து கேட்டைத் திறக்கும்போது செடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவாள். அந்த ஒரு பார்வையை என்னால் தாங்க முடியாது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும், ஆனால் எதற்குக் கோபிப்பது என்று புரியாது.

அப்போதுதான் வீட்டு உரிமையாளர் மகன் மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லிவைத்தான். உரிமையாளர் மாடியிலிருந்தே குனிந்து தீர்ப்புச் சொன்னார். "வண்டி வர மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள பூத்துச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துடுங்க, வண்டி நிறுத்த எடம் வேணும். பூக்கும்னு சொன்னதாலதானே வைக்க விட்டேன்?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். வேர் விட்ட காகிதப்பூவைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் பிழைப்பது நிச்சயமில்லை. பெட்ரோல் பங்க் புதரில் உலகத்தில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

அந்த வாரம் சலூனுக்கு ஒரு புது ஆள் வந்தார். செடிப் பண்ணை வைத்திருப்பவர். அத்தான் வழக்கம்போல நுரை தடவிக்கொண்டே செடிப் புராணத்தை ஆரம்பித்தார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"வாரா வாரம் வெட்டறீங்களா?" என்றார் பண்ணைக்காரர்.

"கொஞ்சூண்டு மட்டும்."

"அண்ணே, அது பூக்கறதே புதுக் கிளையோட நுனியில. நுனிய நீங்க வளரவே விடறதில்லையே. அப்புறம் அந்த முடி... நல்ல உரம்தான். ஆனா இலைக்குத்தான் போகும். முடியப் போடாதீங்க, தண்ணியக் கொறைங்க, முக்கியமா கத்தரிய எடுக்காதீங்க. செடி தன் பாட்டுக்குப் பூக்கும். எல்லாரும் கெடுக்கறது கவனிக்காம. நீங்க கவனிச்சுக் கவனிச்சே கெடுத்திருக்கீங்க."

அந்தப் பக்கம் நுரைப் பிரஷ்ஷைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கத்தரியைத் தொடமாட்டேன் என்று அக்கா முன்னால் சொன்னார். சொன்னபடி இருந்தார் என்பதுதான் ஆச்சரியம். செடி என்ன நினைத்ததோ, இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து வளர்ந்தது. கிளைகள் ஆள் உயரத்துக்கு நாலு திசையிலும் நீண்டன. கடிதம் கொண்டுவருகிறவர் சட்டைக் கையை முள்ளில் மாட்டிக்கொண்டு திட்டினார். சலூனுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம், "அண்ணே, உங்க வீட்டுச் செடிக்கு முடிவெட்ட ஆள் தேடறீங்களாமே?" என்று வாயைக் கிளறினார்கள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது செடியைத் தாண்டும்வரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. வண்டி வருகிற நாள் சலூன் விடுமுறை நாளாகவே அமைந்தது. அக்கா காலை வேலைக்குப் போய்விட்டாள். நான் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன்.

கேட் பக்கத்துப் பாதிச் செடி வழுவழுவென்று உருண்டையாக இருந்தது. மதில் பக்கத்துப் பாதி காடாகக் கிடந்தது. அத்தான் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கத்தரி, இன்னொரு கையில் கைக்கண்ணாடி. கண் கலங்கியிருந்தது.

"என்ன அத்தான் இது! சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்களே!"

"பூதான் வரல. செடியாவது லட்சணமா இருந்தா, அந்த மாடி மனுஷன் எரக்கப்பட்டு விட்டுடுவாரோன்னு நெனச்சேன்" என்றார். "பின்பக்கம் பாக்கலாம்னு கண்ணாடிய நீட்டினேன். என்னவோ செவப்பாத் தெரிஞ்சுது. கொடியில காயற துண்டோன்னு திரும்பிப் பாத்தேன். துண்டு இல்ல, ஜெராக்ஸ்."

கண்ணாடியை வாங்கி மதில் பக்கம் நீட்டினேன். சுவரில் சாய்ந்திருந்த கிளைகளின் நுனியில், பயறு அளவுக்கு, ரோஸும் சிவப்பும் கலந்து ஏதோ திரண்டிருந்தது. அத்தான் தரையைக் காட்டினார். வெட்டிப் போட்ட குச்சிகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் அதே நிறம், பொட்டுப் பொட்டாக.

"நாலு வருஷமா அவ பூவ நானே நறுக்கி, நானே கூட்டிக் கொட்டிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பாவமாக இருந்தது.

மாடியிலிருந்து உரிமையாளர் தன் மகனோடு இறங்கி வந்தார். செடியைப் பார்த்துவிட்டு அத்தானைப் பார்த்தார். "ஊருக்கே முடிவெட்டற ஆளு, என்ன கோலம்யா இது? ஒண்ணு மத்தப் பாதியையும் வெட்டி சமமாக்குங்க, இல்ல அடியோட எடுங்க. அரைகுறையா என் வாசல்ல நிக்கக் கூடாது."

"வெட்ட மாட்டேன் சார்" என்றார் அத்தான்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை. என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி உரிமையாளர் மகனிடம் நீட்டினார். பையன் மதில் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, மொட்டு வந்துடுச்சுப்பா. வண்டிய ரெண்டு வாரம் வெளியிலயே விடறேன்" என்றான். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார்.

சாயங்காலம் வந்த அக்கா பாதிச் செடியைப் பார்த்தாள். அத்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அந்த இரண்டு வாரம் அத்தான் பட்ட பாட்டை நான் அறிவேன். செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. "அண்ணே, எனக்கும் உங்க வீட்டுச் செடி மாதிரி ஒரு பக்கம் மட்டும்" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் ஏறினார்கள். அரைத் தலையோடு ஒரு ஆளைத் தெருவில் விடாதவர், தன் வாசலிலேயே ஒரு அரைத் தலையை ஊர் பார்க்க நிறுத்தியிருந்தார். எட்டாம் நாள் செடிக்கு முன்னால் அவர் நின்றதைப் பார்த்தேன். கத்தரி இல்லாத விரல்கள் தாமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஜெராக்ஸ், அந்த மேல ஒரு கிளை மட்டும் ரொம்பத் துருத்திக்கிட்டு..."

"அத்தான்!"

"சும்மா கேட்டேன்."

பன்னிரண்டாம் நாள் காலையில் இரண்டு மூன்று மொட்டுகள் விரிந்தன. மதியத்துக்குள் மதில் பக்கத்துப் பாதி முழுக்க நிறம் ஏறிவிட்டது. உரிமையாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். பையன் செடி முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வெளிச்சுவர் ஓரமாகவே விட்டான். அத்தான் சலூனைச் சீக்கிரம் பூட்டினார். நானும் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனேன், இதை விட்டுவிடுவேனா?

அக்கா பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தாள். கேட்டில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பையைக் கீழே வைத்தாள். ஒரு கொத்தைப் பிடித்து முகத்தருகே இழுத்து வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது, நான் அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு கேட் பக்கத்து மொட்டைப் பாதியைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வெட்டிட்டு, மத்தப் பக்கத்த அப்படியே விட்டுட்டீங்களே" என்றாள்.

"விட்டுட்டேன்" என்றார் அத்தான்.

"அன்னிக்கும் விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

பத்தொன்பது வருடத்தில் அவள் அதை நேராகக் கேட்டது அன்றுதான்.

"வந்திருக்கணும்" என்றார் அவர். தண்ணீர் குடிக்க உள்ளே போகாமல் அவள் பக்கத்திலேயே நின்றார்.