புத்தாண்டுத் தட்டப்பயறு

டெக்சஸில் புத்தாண்டுக்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே வெடிமருந்து வாசனை வந்துவிடும். ஊர் எல்லைக்கு வெளியே கூடாரம் போட்டு விற்கிற பட்டாசை வாங்கிவிட்டு இருட்டும்வரை பொறுக்க முடியாத பிள்ளைகள் ஒன்றிரண்டைக் கொளுத்திப் போட, அந்தப் புகை ஈரக்காற்றில் கலையாமல் புல்வெளிகளின் மேல் படுத்துக் கிடக்கும். ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்தில், அம்மா "நம்மூர்த் தீவாளியாட்டம் இருக்குது" என்று சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ஊரில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இங்கே வந்ததும் பேச்சையே விட்டுவிட்டாள். ஆங்கிலம் புரியும், பேச வாய் வராது. காரும் ஓட்டத் தெரியாது. அப்பா மருத்துவமனை ஆய்வகத்துக்கும் நான் பள்ளிக்கும் போய்விட்டால், மாலைவரை அந்த வீட்டில் 'ஃபிரிட்ஜ்' மட்டும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

அன்று கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டு லோரெட்டா ஆன்ட்டி. பள்ளிப் பேருந்து ஓட்டும் கறுப்பினப் பெண்மணி. அதுவரை தூரத்திலிருந்து கையசைத்துக்கொண்டதோடு சரி. அன்று அவர் முகம் வாடியிருந்தது. எந்தக் கடையிலும் இல்லை, எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, உங்கள் வீட்டில் 'பிளாக் ஐட் பீஸ்' இருக்குமா என்று கேட்டார். அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அந்தக்கா என்ன கண்ணு கேக்கறாங்க?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"ஏதோ பட்டாணிம்மா. அதுக்குக் கறுப்பா கண்ணு இருக்குமாம்."

அம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, அமெரிக்கா வந்ததிலிருந்து நான் கேட்டிராத சத்தத்தில் சிரித்தாள். "அட, தட்டப்பயறைக் கேக்கறாங்கடி!"

சென்னைக்காரர்கள் காராமணி என்பதைத்தான் எங்கள் பக்கம் தட்டப்பயறு என்போம். இந்தியக் கடையில் வாங்கிய பை அப்படியே இருந்தது. அதை அம்மா நீட்டியதும் லோரெட்டா ஆன்ட்டி பையோடு சேர்த்து அம்மாவையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆண்டின் முதல் நாள் இந்தப் பயறைச் சாப்பிட்டால்தான் அந்த வருஷம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் வழக்கமாம். வருஷாவருஷம் சமைப்பவர் அவருடைய அப்பா. அவர் அந்தக் கோடையில் இறந்துபோயிருந்தார். "அவர் இல்லாத முதல் வருஷம். பயறுகூட இல்லைன்னா எப்படி?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் மதியம் நாங்களும் சாப்பிட வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் கேட்ட அப்பா தயங்கினார். "அவங்க பன்னிக்கறி போட்டுத்தான் வேக வெப்பாங்க. போயிட்டுச் சாப்பிடாம உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அப்பா வேண்டாம் என்றால் அதற்குமேல் பேசாத அம்மா, "நான் கத்திரிக்காய்க் குழம்பு வெச்சு எடுத்துட்டு வர்றனுங்க. அங்க வேகற பயறும் நம்ம வூட்டுது. போகாம இருந்தா அந்தக்கா சங்கடப்படுவாங்க" என்றாள்.

மறுநாள் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். குழம்புப் பாத்திரத்தை வைத்துவிட்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் அம்மா போய் உட்கார்ந்தாள். சட்டென்று எல்லோரும் லோரெட்டா ஆன்ட்டியைப் பார்த்தார்கள். அது அவருடைய அப்பா உட்காரும் நாற்காலி. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உணர்ந்த அம்மா எழப்போனாள். லோரெட்டா ஆன்ட்டி வந்து அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "உட்காருங்க. யாராவது உட்காரணும்னுதான் நானும் காலையிலேர்ந்து நினைச்சுக்கிட்டிருக்கேன்." அப்புறம்தான் தட்டுகள் நகர ஆரம்பித்தன.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று அப்பா கேட்டது, அந்த மேசையில் ஒரு சண்டையையே கிளப்பிவிட்டது. லோரெட்டா ஆன்ட்டியின் சித்தப்பா ரே அங்கிள் ஒரு கதை சொன்னார். உள்நாட்டுப் போரில் வடக்கத்திச் சிப்பாய்கள் தானியம், ஆடு, மாடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்களாம். இது மாட்டுத்தீனிதானே என்று இந்தப் பயறை மட்டும் விட்டுவிட்டார்களாம். அதைத் தின்றே தெற்கத்தி மக்கள் குளிர்காலத்தைத் தாண்டினார்களாம்.

"சித்தப்பா, அது வெள்ளைக்காரங்க சொல்ற கதை," என்றார் லோரெட்டா ஆன்ட்டி. "யாருக்கு அது மாட்டுத்தீனி? நம்ம ஆளுங்களோட ஆப்பிரிக்காவிலேர்ந்து அதே கப்பல்ல வந்த பயறு அது. ஜனவரி முதல் தேதி அடிமைகளுக்கு விடுதலைன்னு லிங்கன் அறிவிச்சப்போ, முந்தின ராத்திரி முழுக்க சர்ச்சுல முழிச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. விடிஞ்சதும் கையில இருந்த பயறைத்தான் ஆக்கிச் சாப்பிட்டாங்க."

"டெக்சஸுக்கு அந்தச் சேதி வர ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே! ஜூன் மாசம் கால்வெஸ்டன் துறைமுகத்துல பட்டாளம் வந்து இறங்கிச் சொன்ன பிறகுதானே இங்க தெரியும்?" என்றார் ரே அங்கிள்.

"அதனாலதான் நமக்கு ஜூன்ல ஒரு பண்டிகை, ஜனவரியில ஒண்ணு. ரெண்டு தடவை சாப்பிட உங்களுக்குக் கசக்குதா?"

மேசையே சிரித்தது. நான் இவற்றை அம்மாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள், "கேளு கண்ணு, ஆப்பிரிக்காவுல இருந்து வந்துச்சுன்னா கோபிக்கு யாரு கொண்டாந்தாங்கனு கேளு" என்றாள். கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ரே அங்கிள் அம்மாவின் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, யார் கொண்டுபோயிருந்தாலும் அவர்களுக்கு நல்ல கதி கிடைக்கட்டும் என்றார். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பயறு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உடனே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

அந்த வசந்தகாலத்தில், சர்ச்சின் கார் நிறுத்தும் திடலில், பேருந்து ஓட்டிய கையால் லோரெட்டா ஆன்ட்டி அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 'பிரேக்', 'பிரேக்' என்று அவர் கத்துவதும் அம்மா பதிலுக்குத் தமிழில் கத்துவதும் தெருமுனைவரை கேட்கும்.

நான் இப்போது சான்டா கிளாராவில் இருக்கிறேன். ரே அங்கிள் போய்ச் சேர்ந்துவிட்டார். லோரெட்டா ஆன்ட்டி வீட்டை விற்றுவிட்டு அட்லாண்டாவில் மகளோடு இருக்கிறார். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. கதவில் கேமரா வந்துவிட்டது, கைமாற்றாக ஒரு பொருள் கேட்டு இப்போது யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. அந்த நீள மேசையும் எங்கே போனதோ.

போன புத்தாண்டுக்கு நான் பேர்லேண்டில் இருந்தேன். லோரெட்டா ஆன்ட்டி வீடியோவில் வந்து, தான் வைத்த கத்திரிக்காய்க் குழம்பைக் கரண்டியால் தூக்கிக் காட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். பிறகு, துளித் தயக்கமும் இல்லாமல், டெக்சஸ் இழுப்போடு ஆங்கிலத்திலேயே சொன்னாள்:

"டூ மச் வாட்டர், லோரெட்டா."