பிலிம் தீர்ந்த பிறகு எடுத்த போட்டோக்கள்

இன்று அவிநாசி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, நீங்க போட்டோக்காரர்தானுங்க?"

எனக்கும் அடையாளம் தெரிந்தது. சுப்பிரமணி.

எழுபதுகளில் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஒரு வெள்ளைக்காரக் குழுவின் பாட்டுகளை அவர்கள் முடி மாதிரியே டோப்பா வைத்துப் பாடினார்கள். இவர்தான் பாடகர். அவர்கள் நடத்திய ஒரே கச்சேரிக்கு நான்தான் போட்டோ.

மேடைக்குப் பின்னால் அவர்கள் டோப்பா மாட்டுவதையும், இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் டிரம்காரர் உட்கார்ந்தபடியே தூங்குவதையும் எடுத்ததிலேயே ரோலில் இருந்த பன்னிரண்டு படமும் தீர்ந்துவிட்டது. மேடையில் வெறும் பிளாஷைத்தான் அடித்தேன். அவர்கள் முகம் வாடக் கூடாதே.

மறுநாள் பிலிமில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதனால் அந்தப் பன்னிரண்டையும் காட்ட முடியாமல் போனது.

சுமந்தது போதும் என்று இன்று பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்குப் பஞ்சுத் தூசியில எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க. நான் வாயை மட்டுந்தான் அசைச்சேன். பாடுனது பின்னால இருட்டுல நின்ன கிடார்காரருங்க. போட்டோவுல அவரு பாடறது தெரிஞ்சுருமோன்னு ஒரே பயம். படம் கெட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னப்பத்தான் நிம்மதியாச்சுங்க."

இரண்டு பேருக்கும் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிக்கொண்டார்.

அன்று கைதட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். உங்களுக்காவது பாட்டு நிஜமாகக் கேட்டதா?