ஊறப்போட்ட பத்தாயிரம் வாலா

என் அக்கா ஞானதீபத்தைப் பற்றி யாராவது "தங்கமான மனசு" என்று சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். தங்கமான மனசு அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ, கோபம் இருக்கிறது. இருபத்தாறு பிள்ளைகளை அவள் அந்தக் கோபத்தை வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறாள்.

முப்பத்து நான்கு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதில் பாதிக்கு மேல் தீக்காய வார்டு. ஓய்வு பெற்ற மறு மாதமே ஏழாயிரம்பண்ணை ரோட்டில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்குப் போக ஆரம்பித்தாள். பட்டாசு விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். காலை ஐந்தரைக்குத் திருத்தங்கலில் ஒரு பஸ், சிவகாசியில் மாறி இன்னொரு பஸ். போனதும் ராத்திரி நனைந்த விரிப்புகளை உருவிச் சிமென்ட் தொட்டியில் ஊறப்போடுவாள். அப்புறம் குளிப்பாட்டு, சிரங்குக்கு மருந்து, அடம்பிடிக்கிறதுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டுவது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான்கு வருடமாக இதுதான். பதவியின் பெயர் வாலண்டியர்.

வெளிநாட்டு வாலண்டியர்களும் வருவார்கள். இரண்டு மாதம், மூன்று மாதம். அவர்களுக்கு மாலை உண்டு, ஏ.சி. ரூம் உண்டு, பிள்ளைகளை மடியில் வைத்துப் போட்டோ உண்டு. இல்லத்தின் செய்தி மலர் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில்தான் அச்சாகிறது. போன இதழில் ஒரு வெள்ளைக்காரப் பையன் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற படம். ஓரத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு முழங்கை. அது என் அக்காவுடையது. அந்தத் தாளை நானே மெஷினில் ஓட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அனுப்பிரியா இல்லத்துக்கு வந்தபோது ஐந்து வயது. அம்மா வெடி விபத்தில் போய்விட்டாள். அப்பா பெயர் பாண்டி, லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டோடு வருவான். கதவு சாத்தும் சத்தம் கேட்டால்கூட அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அங்கேயே ஒன்றுக்குப் போய்விடும். இழுத்தால் வராது. அக்கா தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். பத்து மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் அந்தப் பிள்ளை மற்றவர்களைப் போல கட்டில் மேல் படுத்துத் தூங்கியது. அதை மறுபடி கட்டிலுக்கு அடியில் போக விடக்கூடாது என்பது ஒன்றுதான் அக்காவின் பிடிவாதம்.

இந்த வருடம் டென்மார்க்கிலிருந்து ஃப்ரீடா வந்தாள். பத்தொன்பது வயது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விரிப்பு அலசினாள், ஈர் பார்த்தாள், "சாப்பிட்டீகளா" என்று எங்கள் ஊர்ப் பேச்சையே பிடித்துக்கொண்டாள். அனுப்பிரியா அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அக்கா மட்டும் உள்ளுக்குள் கொதித்தாள்.

"மூணு மாசத்துல பிளைட் ஏறிருவா. பொறவு இந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? அவளா, இந்த சாலமன்ராஜா?" என்பாள் என்னிடம்.

சாலமன்ராஜ் இல்லத்தின் மேனேஜர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அந்த மாதிரி ஆளிடம்தான் சண்டை போடவும் முடியாது.

ஃப்ரீடா கிளம்புகிற நாளில் நான் செய்தி மலர்க் கட்டுகளை இறக்கப் போயிருந்தேன். வாசலில் கோலம், ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். அலுவலக மேஜை மேல் ஒரு பெட்டி. பத்தாயிரம் வாலா சரவெடி. இல்லத்துக்கு அரிசியும் மருந்தும் கொடுக்கிற பட்டாசு கம்பெனி முதலாளி காசிராஜன், வெளிநாட்டுப் பிள்ளையை மரியாதையாக வழியனுப்ப வேண்டும் என்று கொடுத்துவிட்டிருந்தார். எங்கள் ஊரில் மந்திரி வந்தாலும் வெடி, மாப்பிள்ளை வந்தாலும் வெடி, பிணம் போனாலும் வெடி. அந்த இருபத்தாறு பிள்ளைகளும் எதனால் அங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், துளி கெட்ட எண்ணம் இல்லாமல் கொடுத்தனுப்பியிருக்கிறார். இப்படி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் செய்ய மாட்டான். பெட்டி மேல் ஒட்டியிருந்த லேபிள் எங்கள் பிரஸ்ஸில் அடித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சார், இத இங்கன வெடிக்கக் கூடாது" என்றாள் அக்கா.

"காம்பவுண்டுக்கு வெளியதான் சிஸ்டர். ரெண்டு நிமிசம். பெரியவரு பிரியமா அனுப்பியிருக்காக. வேண்டாம்னு சொன்னா நாளைக்கு எந்த மொகத்தோட போய் நிப்பேன்?"

"புள்ளைக காதுக்கு காம்பவுண்டு இருக்கா சார்?"

"புள்ளைகளும் பழகத்தானே வேணும் சிஸ்டர்? வெடிச் சத்தம் கேக்காம இந்த ஊர்ல பொழைக்க முடியுமா?"

 அக்கா பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். வாலாவை உருவினாள். காலையில் ஊறப்போட்ட விரிப்புகளோடு சேர்த்துத் தொட்டிக்குள் அமுக்கி, மேலே ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினாள். சிவப்புச் சாயம் இறங்கித் தொட்டித் தண்ணீர் குங்குமக் கரைசலாயிற்று.

வெடி இல்லாமலே ஃப்ரீடா கார் ஏறினாள். அழுதுகொண்டேதான் ஏறினாள். அனுப்பிரியா என் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கார் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றது. அழவில்லை, ஓடவில்லை. அக்கா ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கார் போன பிறகு சாலமன்ராஜ் வந்தார். அப்போதும் குரல் உயரவில்லை.

"சிஸ்டர், நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம். நீங்க வாலண்டியர்தான? லெட்டர் கிட்டர்லாம் ஒண்ணும் கெடையாது. வீட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

நான்கு வருட உழைப்பை, பால் பாக்கெட் வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொல்லி முடித்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பாத்திரங்கள்தான் அவளுக்குப் பதில் பேசின.

நான்காம் நாள் இல்லத்தின் வாட்ச்மேன் சங்கையா போன் பண்ணினார்.

"சிஸ்டர், அந்தப் புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியில போயிருது. சோறும் அங்கனதான். நான் சொன்னேன்னு சொல்லிறாதீக."

அக்கா போனை வைத்தாள். "வெடிய நனைச்சு என்னலே பிரயோசனம்? நான் வராம போனதுதான் வெடிச்சிருக்கு" என்றாள். அன்றுதான் அவள் அழுவதைப் பார்த்தேன். அழுகையிலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை என் வண்டியில் கொண்டுபோய் விடச் சொன்னாள். கேட் பூட்டியிருந்தது. சங்கையா கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.  அக்கா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து சீப்பு, தேங்காயெண்ணெய், ரிப்பன் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள். எட்டரை மணிக்குச் சங்கையா பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துவிட, பிள்ளைகள் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின. நான்கு நாளாக யாரும் ஒழுங்காகத் தலை வாரிவிடவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

அனுப்பிரியாதான் முதலில் ஓடி வந்தது. ஒன்றும் பேசாமல் அக்காவின் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பதினோரு பெண்பிள்ளைகள் நடுரோட்டு வரைக்கும் வரிசை. பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் யார் பிள்ளைகள் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சாலமன்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன சிஸ்டர் இது? வேனெல்லாம் நின்னு பாக்குது. இன்னைக்கு ஆஸ்திரியாவுல இருந்து ரெண்டு பேரு வாராக. ஒங்களத்தான் நிப்பாட்டியாச்சே?"

அக்கா நிமிரக்கூட இல்லை. வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய நீங்க எப்ப சார் வேலைக்கு வச்சீக, நிப்பாட்டுறதுக்கு?"

 வேனில் யாரோ சிரித்தார்கள். சாலமன்ராஜ் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சங்கையா பெரிய கேட்டின் பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் சொல்லிக் கழற்றியதில்லை அது. சாலமன்ராஜ் அவரைத் தாண்டி, திறந்த கேட் வழியாக உள்ளே போனார்.

அக்கா அவசரப்படவில்லை. வரிசையில் இன்னும் பத்துத் தலை பாக்கி இருந்தது.